சார்ஜரைத் தூக்கி எறிய வேண்டாம்: வாகனத்தில் வயர்லெஸ் சார்ஜிங் பற்றிய வாசகர் கேள்விகள்

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பிறகு, கல்முனையிலும் காத்தான்குடியிலும் மட்டக்களப்பு நகரிலும் புதிய கார்கள் கண்ணில் படுகின்றன. பலவற்றில் கியருக்கு முன்னால் போன் வைக்க ஒரு தட்டு இருக்கிறது. வைத்தால் சார்ஜ் ஏறும். பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் கடையில் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். கேள்விகளும் அதே வேகத்தில் வருகின்றன.

பதில்களுக்குப் போக முன் ஒரு விடயம். வயர்லெஸ் சார்ஜர் தன்பாட்டில் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்காது. "இவ்வளவு தா" என்று போன் கேட்கும், சார்ஜர் கொடுக்கும். "குறை" என்றால் குறைக்கும், "போதும்" என்றால் நிறுத்தும். இந்தப் பேச்சு ஒவ்வொரு கணமும் நடக்கிறது. ஆகவே சார்ஜ் நின்றுவிட்டால் ஏதோ பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல நேரம் போன் வேண்டுமென்றே மறுத்திருக்கும்.

முன் கண்ணாடியில் ஒட்டிய வயர்லெஸ் ஹோல்டரில் போனை வைத்து, மெப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போவேன். புறப்படும்போது 60 வீதம், பொலன்னறுவைக்குப் போய்ச் சேரும்போது 45. சார்ஜ் ஏறும் அடையாளம் விட்டு விட்டு வருகிறது. இரவுப் பயணத்தில் இந்தத் தொல்லை இல்லை. புதிய சார்ஜர் வாங்கவா? (களுவாஞ்சிகுடி)

வாங்க வேண்டாம். இரவில் தொல்லை இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், பதில் அதில்தான் இருக்கிறது. உங்கள் போன் சூட்டில் தவிக்கிறது.

வயரில் ஏற்றுவதைவிட வயர்லெஸ்ஸில் அதிக மின்சாரம் சூடாக வீணாகிறது. அந்தச் சூடு பிறக்கும் இடமும் போனின் முதுகு, பற்றரிக்குப் பக்கத்தில். அதோடு மெப் ஓடுகிறது, திரை முழு வெளிச்சத்தில் எரிகிறது, காட்டுப் பக்கம் சிக்னல் மெலியும் இடங்களில் போன் டவரைத் தேடித் தேடி இன்னும் இழுக்கிறது. இவ்வளவுக்கும் மேலே வெயில். நமது பக்கத்திலிருந்து மதியத்துக்குப் பிறகு கிளம்பினால் பயணம் மேற்கு நோக்கி. சூரியன் நேரே முன் கண்ணாடிக்குள் இறங்கும். ஐபோனைப் பாவிக்க ஆப்பிள் சொல்லும் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. கச்சான் வீசும் மாதங்களில் நிழலிலேயே அந்த எல்லையைத் தொடும் நாட்கள் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தச் சூட்டில் போன் சார்ஜை முதலில் குறைக்கும், அப்புறம் நிறுத்தும், ஆறியதும் மறுபடி கேட்கும். நீங்கள் பார்க்கும் "விட்டு விட்டு" அதுதான். சில ஐபோன்களில் 80 வீதத்தோடு நின்று, சூடு தணிந்த பிறகு தொடரும். இதுவும் பழுது இல்லை.

செய்ய வேண்டியது: ஹோல்டரைக் கண்ணாடியிலிருந்து எடுத்து ஏசி காற்று வரும் வாயில் பொருத்துங்கள். குளிர்காற்று போனின் முதுகில் பட வேண்டும். எல்லா மாற்றங்களிலும் அதிகம் பலன் தருவது இது ஒன்றுதான். தடித்த கவர் போட்டிருந்தால் கழற்றுங்கள். புறப்படும் முன் வீட்டு வைஃபையில் பாதையின் மெப்பைத் தரவிறக்கி வைத்தால் டேட்டா வேலை குறையும். பகலில் நீண்ட பயணம் என்றால் நான் வயரையே சிபாரிசு செய்வேன். வயர்லெஸ் சின்னச் சின்ன ஓட்டத்துக்கு வசதியானது.

சிலர் கொதிக்கும் போனை ஐஸ் பெட்டிக்கு மேல் வைக்கிறார்கள், அல்லது குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலோடு சேர்த்துப் பிடிக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சூடான கருவி திடீரென்று குளிர்ந்தால் உள்ளே வியர்க்கும். அந்த ஈரம் போர்டில் இறங்கினால் சார்ஜர் விலையோடு போகாது. நிழலில், காற்றுப் படும் இடத்தில் திரையை அணைத்து வையுங்கள், போதும்.

ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா எடுத்தோம். என்ர சம்சுங் ஏ வரிசைப் போனை வைத்தால் ஒன்றுமே நடக்கவில்லை. கணவரின் ஐபோன் ஏறுகிறது. (சம்மாந்துறை)

சம்சுங்கின் ஏ வரிசைப் போன்களில் வயர்லெஸ் சார்ஜிங் கிடையாது. எஸ் வரிசையில் 2015இல் வந்த எஸ்6 முதல் இருக்கிறது. ஐபோனில் 2017இல் வந்த 8, எக்ஸ் முதல். காரில் குறை இல்லை. போனின் வாயில் செருகி முதுகில் ஒட்டும் மெல்லிய ரிசீவர் தகடு கடைகளில் கிடைக்கும், ஆனால் மெதுவாக ஏறும், சூடாகும், சார்ஜ் வாயையும் அடைத்துக்கொள்ளும். வயரே நல்லது.

புஷ் ஸ்டார்ட் கார். போனையும் சாவியையும் ஒரே தட்டில் வைத்தால் சில நேரம் "சாவி இல்லை" என்று காட்டுகிறது. கதவைத் திறந்தால் சார்ஜும் நிற்கிறது. வயரிங் கோளாறு என்று கராஜில் சொல்கிறார்கள். (காத்தான்குடி)

தங்கச்சி, வயரிங்கைப் பிரிக்க விடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அது கோளாறும் இல்லை.

புஷ் ஸ்டார்ட் காருக்குள் சின்ன அன்டெனாக்கள் ஒளிந்திருக்கின்றன. அவை ஏறத்தாழ 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் "சாவி, எங்கே இருக்கிறாய்?" என்று கூப்பிடும். சாவி பதில் சொன்னால் கார் ஸ்டார்ட் ஆகும். ச்சீ (Qi) என்ற பொது முறையில் இயங்கும் வழக்கமான வயர்லெஸ் சார்ஜர்கள் வேலை செய்வது 87 முதல் 205 கிலோஹேர்ட்ஸ் வரையான பரப்பில். கார் கூப்பிடும் குரல் இந்தப் பரப்புக்குள்ளேயே விழுகிறது. சாவியைச் சார்ஜரின் மேலேயே வைத்தால், அந்த இரைச்சலில் அதற்குக் காரின் குரல் கேட்காது.

கார் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கதவு திறக்கும்போது, அதாவது கார் சாவியைத் தேடும் நேரத்தில், பல கார்கள் சார்ஜரைச் சில வினாடிகள் தாமாகவே நிறுத்தி வைக்கின்றன. கதவை மூடிச் சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஏறத் தொடங்கும். கராஜ்காரர் பார்த்த "கோளாறு" இதுவாகத்தான் இருக்கும்.

சாவியைக் கைப்பையிலோ கதவுப் பக்க அறையிலோ வையுங்கள். சாவிக்குள் உலோகப் பாகங்கள் இருப்பதால் சார்ஜர் மேல் கிடந்தால் சூடாகவும் கூடும். எப்போதாவது அவசரத்தில் "சாவி இல்லை" என்று வந்தால், போனைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள். பெரும்பாலான கார்களில் அப்படியே ஸ்டார்ட் ஆகும். ச்சீயின் அடுத்த பதிப்பாக 2023இல் வந்த ச்சீ2 (Qi2) சார்ஜர்களின் காந்த முறை 360 கிலோஹேர்ட்ஸில் ஓடுவதால் இந்த மோதலிலிருந்து தள்ளி நிற்கிறது. ஆனால் இதற்காகப் புதிதாக வாங்க வேண்டியதில்லை, சாவியை இடம் மாற்றினால் சரி.

பெட்டியில் 15 வாட் என்று போட்டிருக்கிறது. காரின் யூஎஸ்பி வாயில் செருகி ஒரு மணித்தியாலம் ஓடினாலும் பத்து வீதம்கூட ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (ஆரையம்பதி)

சார்ஜரைக் குற்றம் சொல்வதற்கு முன் அதற்கு யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று பாருங்கள். பழைய கார்களின் ரேடியோவோடு வரும் யூஎஸ்பி வாய் பாட்டுக் கேட்கத்தான். பலவற்றில் 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விட்டால் போனுக்கு என்ன மிஞ்சும்?

15 வாட் வெளியே வர உள்ளே அதைவிடக் கூட வேண்டும். லைட்டர் சொக்கட்டில் செருகும் அடப்டரில் வேகமாக ஏற்றும் முறைகளான பீடீ (PD) அல்லது க்யூசீ (QC) என்று எழுதி, 20 வாட்டோ அதற்கு மேலோ இருப்பதை வாங்குங்கள். சார்ஜரோடு வந்த கேபிளையே பாவியுங்கள். மெல்லிய மலிவுக் கேபிள் வழியிலேயே மின்னழுத்தத்தை விழுங்கிவிடும். இன்னொன்று: சாதாரண ச்சீ சார்ஜரில் ஐபோன் 7.5 வாட்டுக்கு மேல் வாங்காது. 15 வாட் வேண்டுமென்றால் மெக்சேஃப் (போனில் காந்தத்தால் ஒட்டும் ஆப்பிளின் முறை) அல்லது ச்சீ2 சார்ஜராக இருக்க வேண்டும்.

கடலோரக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. லைட்டர் சொக்கட்டுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். கல்லடி, பாசிக்குடா, மருதமுனைப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்தும் வாகனங்களில் நடுமுனையில் பச்சையாகப் பூத்திருக்கலாம். உப்புக்காற்று செய்கிற வேலை. பார்வைக்கு அடப்டர் விளக்கு எரியும், ஆனால் இழுவை கூடியதும் மின்சாரம் தடுமாறும். மேடு பள்ளத்தில் சார்ஜ் விட்டு விட்டு வந்தால் முதலில் இந்த இடத்தைச் சந்தேகியுங்கள். துடைக்க முன் அந்த சொக்கட்டின் பியூஸைக் கழற்றிவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவர் நடுமுனையையும் பக்கச் சுவரையும் ஒன்றாகத் தொட்டால் பொறி பறக்கும்.

வீட்டுச் சோதனை ஒன்றும் உண்டு. அதே சார்ஜரை எடுத்துப்போய் நல்ல சுவர் அடப்டரில் செருகுங்கள். வீட்டில் ஒழுங்காக ஏறினால் குறை காரின் பக்கம். அங்கேயும் ஏறாவிட்டால்தான் கடைக்காரரோடு கதைக்கலாம்.

மீன் லொறி ஓடுகிறேன். காரில் வேலை செய்த அடப்டரை லொறியில் செருகினேன், புகைந்துவிட்டது. (வாழைச்சேனை)

உங்கள் லொறி 24 வோல்ட், அந்த அடப்டர் 12 வோல்ட்டுக்கானது. "12-24 வோல்ட்" என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். இரண்டு பற்றரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து வயர் இழுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளடைவில் ஒரு பற்றரி இறங்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜாகும். இரண்டையும் மாற்ற வேண்டி வரும்.

ஓட்டோவில் வயர்லெஸ் சார்ஜர் பூட்டலாமா? ஹயர் ஆப் போனில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். (அக்கரைப்பற்று)

பூட்டலாம் தம்பி. ஆனால் உங்களுக்கு நான் வயரைத்தான் சொல்வேன். சாய்வுத் தட்டில் வைத்த போன் ஓட்டோவின் அதிர்வில் மெல்ல நகரும். சார்ஜருக்குள் இருக்கும் கொயிலுக்கு (கம்பிச் சுருளுக்கு) நேரே போனின் கொயில் இருக்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர் விலகினாலே சார்ஜ் விழுந்துவிடும். விருப்பமென்றால் காந்தத்தில் ஒட்டும் வகையை எடுங்கள், அதுவும் உங்கள் போன் ஏற்கும் வகையாக இருந்தால் மட்டும்.

எதைப் பூட்டினாலும் வயரிங் முக்கியம். ஹெட்லைட் வயரில் கொக்கி போட்டு எடுக்க வேண்டாம். பற்றரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து, முனைக்குக் கிட்டவே 5 ஆம்பியர் பியூஸ் போட்டு, சாவியை அணைத்தால் துண்டிக்கும்படி ரிலே அல்லது சுவிச் வைத்து, மழை படாத இடத்தில் மூடியுள்ள 12 வோல்ட் யூஎஸ்பி சொக்கட் பூட்டச் சொல்லுங்கள். 20 வாட் சார்ஜர் இழுப்பது இரண்டு ஆம்பியருக்குள்தான். பியூஸ் இல்லாத வயர் ஒன்று ஓட்டோவின் இரும்புப் பொடியில் உரசித் தோல் உரிந்தால் எரிவது போன் மட்டுமாக இருக்காது.

ஹாண்டிலிலேயே இறுக்கமாகப் போனைப் பூட்டுபவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நீண்ட நாள் என்ஜின் அதிர்வு கமராவின் படத்தை நிலைப்படுத்தும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021இல் மோட்டார் சைக்கிள்காரர்களை எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் இறப்பர் வைத்த ஹோல்டர் எடுங்கள்.

போன் கவருக்குள் பேங்க் கார்ட் வைப்பேன். வயர்லெஸ்ஸில் போட்ட பிறகு கார்ட் வேலை செய்யவில்லை. (பொத்துவில்)

கார்டை எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். காந்தப் பட்டையும் சிப்பும் கெடலாம். காந்த ஹோல்டருக்காகக் கவருக்குள் வைத்த இரும்புத் தகடு, விரல் மாட்டும் உலோக வளையம், தட்டில் தவறி விழுந்த ஐந்து ரூபாய்க் குற்றி, இவையும் ஆகாது. சார்ஜர் உலோகத்தை உணர்ந்தால் பாதுகாப்புக்காக நின்றுவிடும். பல கார்களில் விளக்கு மினுங்கிக் காட்டும். உணராமல் விட்டால் அந்த உலோகம் கைசுடும் அளவுக்குச் சூடேறும்.

அம்மாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. முன் சீட்டில்தான் இருப்பார். இந்தச் சார்ஜர் பாதிக்குமா? (ஏறாவூர்)

பயப்பட வேண்டாம், ஆனால் தூரம் பேணுங்கள். ஐபோனையும் மெக்சேஃப் பொருட்களையும் இதயக் கருவியிலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளி வைக்கவும், வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஏறும்போது 30 சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளி வைக்கவும் ஆப்பிள் சொல்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கும் கியர்ப் பக்கத் தட்டுக்கும் இடையில் பொதுவாக அதைவிடத் தூரம் இருக்கும். அம்மா குனிந்து தட்டிலிருந்து எதையும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், காந்தப் போனைச் சேலை மடிப்பிலோ சட்டைப் பையிலோ வைக்க விடாதீர்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கருவியின் அடையாள அட்டையையும் கார் மொடலையும் டொக்டரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்வதே முடிவு. அதுவரைக்கும் அம்மா ஏறும் நாட்களில் சார்ஜரை அணைத்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

வெளிநாடு போகிறேன். கார் ஒரு மாதம் நிற்கும். சார்ஜரைச் செருகியபடி விட்டால் கார் பற்றரி இறங்குமா? (கல்முனை)

சொக்கட்டைப் பொறுத்தது. காரை அணைத்துப் பூட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடி வழியே பாருங்கள். அடப்டர் விளக்கு அணைந்திருந்தால் கவலை இல்லை. எரிந்துகொண்டிருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள். ஒரு மாதம் என்றால் சார்ஜர் இல்லாமலேயே பற்றரி இறங்கும் வாய்ப்பு உண்டு, அதனால் வீட்டில் யாரிடமாவது சொல்லி இடையிடையே காரை எடுத்து ஓட வையுங்கள்.