அபராதம் கட்டி முடித்துவிடலாமா? முதல் கஞ்சா வழக்கில் மகன் சிக்கியிருக்கும் ஒரு தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் 19 வயது மகன், மூன்று நண்பர்களுடன் 60 கிராம் கஞ்சாவோடு பிடிபட்டு ஜாமீனில் வந்திருப்பதையும், "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்று உறவினர் ஒருவர் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். மற்றக் கேள்விகளுக்கு முன் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அந்த முடிவை எடுக்க வேண்டாம். சிறைக்குப் போகாமல் அபராதம் மட்டும் கட்டினாலும் சட்டத்தின் கணக்கில் அது தண்டனை பெற்ற வழக்குதான். "நீங்கள் எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா?" என்று கேட்கும் ஒவ்வொரு படிவத்திலும் அவர் இனி "ஆம்" என்றே எழுத வேண்டியிருக்கும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலை எடுத்துப் படியுங்கள். அதில் பெரும்பாலும் 8(சி), 20(பி)(ii)(ஏ), 29(1) என்ற பிரிவுகள் இருக்கும். இவை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைச் சேர்ந்தவை. அந்த "ஏ" என்ற எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவானது சிறிய அளவு; அதற்கு அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த இடத்தில் "பி" இருந்தால் தண்டனை 10 ஆண்டு வரை போகலாம்; 20 கிலோவைத் தாண்டிவிட்டால் குறைந்தபட்சமே 10 ஆண்டு. வேறு பொருள்களுக்கு அளவு வேறு: எம்டிஎம்ஏ என்ற போதை மாத்திரை என்றால் அரை கிராமிலேயே சிறிய அளவு முடிந்துவிடுகிறது. 29 என்பது கூட்டுச்சதிப் பிரிவு. நால்வரும் பணம் போட்டு ஒருவர் வாங்கி வந்ததை இந்தப் பிரிவில்தான் கொண்டுவருவார்கள். வாங்கி வந்தவர் தங்கள் மகன் என்றால் அதை வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். தெருவில் யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

ஒப்புக்கொள்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பல பெற்றோருக்கு அது தெரிவதில்லை. முதல்முறைக் குற்றவாளிகளை நன்னடத்தைப் பிணையில் விடும் 1958ஆம் ஆண்டுச் சட்டம், விடுவிக்கப்பட்டவரைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பிலிருந்தும் காப்பாற்றுகிறது. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 18 வயது நிறைந்தவர்களுக்கு இந்தச் சலுகையை ஏறத்தாழ 26, 27 பிரிவுகளோடு நிறுத்திவிடுகிறது. 27 என்பது போதைப்பொருளை உட்கொண்ட குற்றம். தங்கள் மகன்மேல் இருப்பதோ வைத்திருந்த குற்றம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒப்புக்கொண்ட பிறகு கிடைக்கும் விளைவுகள் ஒன்றல்ல.

அவர் உண்மையிலேயே பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தால் வேறு வழி உண்டு. அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, சிறிய அளவில் பிடிபட்ட ஒருவர் அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும். சும்மா ஓரிரு முறை புகைத்த பிள்ளையை அடிமை என்று எழுதிக்கொடுத்துத் தப்பவைக்க நினைக்காதீர்கள். அதுவும் கோப்பில் நிற்கும் ஓர் ஒப்புதல்தான். மாறாக, தூக்கமும் பசியும் கெட்டுப் பணம் கேட்டுச் சண்டையிடும் நிலையில் அவர் இருந்தால், வேலை, விசா என்ற கணக்கையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சிகிச்சையைத் தொடங்குங்கள்.

வழக்கறிஞரிடம் தவறாமல் கேட்க வேண்டியது காலவரம்பு பற்றி. ஓராண்டு வரை மட்டுமே தண்டனையுள்ள குற்றத்துக்கு ஓராண்டுக் காலவரம்பு உண்டு; தங்கள் மகனின் வழக்கில் அதை எந்த நாளை வைத்துக் கணக்கிடுவது என்று கேளுங்கள். ஆய்வக அறிக்கைக்காகக் காத்திருந்தே சில குற்றப்பத்திரிகைகள் தாமதமாகின்றன. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், காலவரம்பு கடந்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோருவதற்கு இது ஒரு காரணமாகலாம். முதல் மாதத்திலேயே ஒப்புக்கொண்டவருக்கு இந்த வாய்ப்பு இருப்பதில்லை.

இனி வேலைவாய்ப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். அரசுப் பணிக்கான சரிபார்ப்புப் படிவத்தில் கைது, நிலுவை வழக்கு, விடுதலை எல்லாவற்றையும் கேட்பார்கள். உச்ச நீதிமன்றம் 2016இல் அவ்தார் சிங் வழக்கில் சொன்னதன் சாரம் இது: தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைத்தால் அந்த மறைப்பே வேலையைப் பறிக்கப் போதுமானதாகலாம், உண்மையைச் சொன்னாலும் வேலை தருவதா என்று முடிவு செய்யும் உரிமை பணியளிப்பவருக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறைத் தேர்வு இன்னும் கறாரானது; சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே அதன் விதிகள் கருதுகின்றன. ஆகவே விடுதலைத் தீர்ப்பில் என்ன வாசகம் இருக்கிறது என்பதும் முக்கியம். தனியார் நிறுவனங்களில், கேம்பஸ் தேர்வுக்குப் பின் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையான பதில் எழுதினால் போதும், கேட்காததை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு மேற்படிப்பில்தான் எனக்குக் கவலை அதிகம். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், தண்டனையை மட்டுமல்லாமல் கைதையும், போதைப்பொருள் சட்டத்தை எப்போதாவது மீறியதுண்டா என்பதையும் கேட்கிறது. அந்நாட்டின் குடிவரவுச் சட்டப்படி எந்த நாட்டுப் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றிருந்தாலும் விசா மறுக்கப்படலாம்; விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க முடியும், அதற்கு உறுதி ஏதும் இல்லை. தங்கள் உறவினர் சொல்லும் அந்தச் சில ஆயிரம் ரூபாயின் உண்மையான விலை இதுதான். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும்போது அதை மறுக்க 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்திடம் அனுமதி உத்தரவு வாங்கிக் குறுகிய காலப் பாஸ்போர்ட் பெறலாம்.

நால்வரில் ஒரு பையனுக்குச் சம்பவத்தன்று 18 நிறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் வீட்டாரிடம் பிறப்புச் சான்றிதழோடு இளைஞர் நீதிக் குழுமத்தை அணுகச் சொல்லுங்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனுக்குத் தகுதியிழப்பு இல்லை. வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை அந்தப் பதிவை வெளியிடவும் கூடாது. தங்கள் மகனுக்கும் அவனுக்கும் சில மாத வயது வித்தியாசம்தான் என்று தாங்கள் வருந்துவது புரிகிறது. சட்டம் கோட்டை அங்கேதான் போட்டிருக்கிறது.

கல்லூரி விசாரணைக்கு அழைத்தால் தாங்களும் உடன் செல்லுங்கள். கோபத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடாதீர்கள். நடு ஆண்டில் வேறு கல்லூரி கிடைப்பது கடினம். எழுத்து மூலம் விளக்கம் கேட்டால், நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதால் சம்பவத்தின் விவரங்களுக்குள் போகாமல் வழக்கறிஞர் பார்த்த பிறகே பதில் தாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் மன்னிப்புக் கடிதம் வேண்டவே வேண்டாம். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்தா நாளும் செமஸ்டர் தேர்வும் ஒரே தேதியில் வந்தால், தேர்வு அட்டவணையின் நகலை ஒரு வாரம் முன்பே வழக்கறிஞரிடம் கொடுங்கள். நேரில் வராமல் இருக்க அனுமதி கேட்கும் மனுவை, நீதிமன்ற வட்டாரத்தில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து இன்னும் "317 மனு" என்றே சொல்லும் அதனை, அவர் தாக்கல் செய்வார்.