முன் ட்ரைவ் அக்சில் ஷாஃப்ட் இறுகி நிற்குது: பதில்

தம்பி, ஒருகொடவத்தை யார்டில் நிற்கிற பழைய ஆறு சில்லு ட்ரைவ் லொறியில ஹப்பைக் கழற்றியும் முன் ஷாஃப்ட் வருகுதில்லை, செயின் புளொக் போட்டு இழுக்கலாமா எண்டு கேட்டிருந்தீங்கள். தயவுசெய்து இழுக்காதேங்கோ.

பின் அக்சில் ஷாஃப்ட் மாதிரி இது நேரா உருவ வராது. சில்லு திரும்புறதுக்காக நக்கிளுக்குள்ள (சில்லோட சேர்ந்து திரும்புற அக்சில் முனைத் துண்டு) ஷாஃப்டில ஒரு ஜொயிண்ட் இருக்கு. அது ஸ்பிண்டில் (ஹப் சுத்துற குழாய்த் தண்டு) துளையை விடப் பெரிசு. அதால முதல்ல ஸ்பிண்டிலைக் கழற்றவேணும். பிரேக் பின்தட்டைப் பிடிக்கிற போல்ட்டுகளே அநேகமா ஸ்பிண்டிலையும் நக்கிளோட பிடிச்சிருக்கும். எயார் பிரேக் எண்டால் லைனில கைவைக்க முதல் டாங்கிக் காற்றைத் திறந்து விடுங்கோ.

போல்ட் கழன்ற பிறகும் துரு ஸ்பிண்டிலை விடாது. துரு எண்ணெய் அடிச்சு ஒரு இரவு விட்டு, செப்புச் சுத்தியலால சுற்றிச் சுற்றித் தட்டுங்கோ. உளியை இடுக்கில ஏத்தினால் பொருந்துற முகம் கெட்டு, பிறகு எண்ணெய் ஒழுகும். எங்கட பாஸ்மாருக்கு (மெக்கானிக்மாருக்கு) உளிதான் கைக்கு முதல்ல வரும், பக்கத்தில நில்லுங்கோ!

ஷாஃப்டை மட்டமாத் தாங்கி உருவுங்கோ. சரிஞ்சால் உள் சீல் (எண்ணெய் ஒழுகாமத் தடுக்கிற வளையம்) கிழியும். ஹவுசிங் எண்ணெயும் வடியும், கீழ தட்டு வையுங்கோ.

நக்கிளையும் இறக்கிறதெண்டால் கிங்பின் (நக்கிள் திரும்புற அச்சு முளை) மூடிகளுக்குள்ள இருக்கிற ஷிம்களை (மெல்லிய தகடுகள்) மேல், கீழ் எண்டு தனித்தனியாக் கம்பியில கோத்து வையுங்கோ. பெயரிங் இறுக்கம் அதிலதான் இருக்கு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு சீல் வாங்கப் போகேக்க பழசையும் கொண்டு போங்கோ.