குதிரை, கழுதைகளுக்கு வரும் வைரஸ் நோய்களுக்கு ஏன் இன்னும் சரியான மருந்து வரவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் லாயத்திலும் ஒரு உயிர் காய்ச்சலோடு நிற்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை, குதிரை பராமரிப்புதான் என் பிழைப்பு. கீழே வரும் அளவுகளைப் பார்த்து யாரும் தாங்களாக மருந்து கொடுத்துவிடாதீர்கள். படிக்காதவன் ஏன் பேசுகிறாய் என்று வருபவர்களுக்கு: ராத்திரி முழுக்க மாத்திரை இடித்த கை இது, பேசத்தான் செய்வேன்.

மருந்தே இல்லை என்று சொல்ல முடியாது. மனிதர்களுக்கு அக்கிக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர், சோதனைக் குழாயில் குதிரை ஹெர்பஸ் வைரஸையும் தடுக்கிறது. ஆனால் குதிரைக்கு வாய் வழியாகக் கொடுத்தால் நூற்றில் நான்கு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. அதனால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்பட்டு உள்ளே போய் அசைக்ளோவிராக மாறும் வாலாசைக்ளோவிருக்கு வந்தார்கள்.

எங்கள் லாயத்தில் ஒரு பெண் குதிரைக்கு இந்த ஹெர்பஸ் வந்து, காய்ச்சல் விட்ட பிறகு பின்னங்கால் தள்ளாடியது, வால் துவண்டு தொங்கியது, சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. டாக்டர் எழுதிக் கொடுத்தது வாலாசைக்ளோவிர், ஆரம்பத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 27 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 500 கிலோ குதிரைக்குக் கணக்குப் போடுங்கள், 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு வேளைக்கே 27! அத்தனையும் இடித்து, தண்ணீரில் குழைத்து, பெரிய சிரிஞ்சில் ஏற்றி, கடைவாய் ஓரமாக விட்டு, அது விழுங்கும்வரை தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். சிரிஞ்சைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொள்ளும். பிழைத்துவிட்டது, ஆனால் திரும்பும்போது இடது பின்னங்கால் இன்னும் இழுக்கும். மருந்தால் பிழைத்ததா, தானாகத் தேறியதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, தானாகத் தேறும் குதிரைகளும் உண்டு. மருந்தைச் சோதிப்பவர்களுக்கும் இதுதான் பெரிய தலைவலி. தள்ளாட்டம் தெரியும்போது தண்டுவடத்தின் ரத்தக் குழாய்கள் ஏற்கெனவே சேதமாகியிருக்கும், வைரஸைத் தடுக்கும் மருந்து அந்தச் சேதத்தைச் சரிசெய்யாது. தொற்றுக்கு முன்போ ஆரம்பத்திலோ கொடுத்தால்தான் பலன் கூடுதல்.

அடுத்த கொட்டடியில் இருந்த கழுதைக்கும் காய்ச்சல் வந்தபோதுதான் எனக்கு மனசு விட்டுப்போனது. டாக்டரின் கையில் இருந்தது குதிரைக்கான அளவு மட்டும். கழுதை சின்னக் குதிரை இல்லைங்க. வலிக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோனைக் கழுதையின் உடம்பு குதிரையைவிட வேகமாக வெளியேற்றிவிடும் என்பது தெரிந்த விஷயம், வைரஸ் மருந்தில் மட்டும் குதிரைக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று நம்புவது? வலியைக் கழுதை வெளியே காட்டவும் காட்டாது, தீனியை நிறுத்திவிட்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி அதிலேயே போய்விடவும் கூடும்.

2021-ல் ஸ்பெயினில் வலென்சியா குதிரைப் போட்டியிலிருந்து இந்தக் குதிரை ஹெர்பஸ் வைரஸ் பல நாடுகளுக்குப் பரவியபோது உலகமே பேசியது. பேசட்டும், வேண்டியதுதான். சுமை இழுக்கிற கழுதைக்கு அப்படி யார் பேசுகிறார்கள்?

குதிரைகளுக்கு வரும் இன்னொரு வைரஸ் நோயான தொற்று ரத்தசோகை வேறு கதை. அதற்குச் சிகிச்சை இல்லை, உறுதியானால் பல நாடுகளில் கொன்றுவிடுவார்கள், அல்லது ஆயுசுக்கும் தனிமை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். காலையும் மாலையும் தெர்மாமீட்டர் வைத்து முதலில் காய்ச்சலைக் கண்டுபிடிப்பவன் லாயத்து ஆள். ஆனால் உரிமையாளரும் டாக்டரும் உட்கார்ந்து பேசும்போது அவனை வெளியே நிற்க வைப்பார்கள். எந்த வேளையில் தீனி குறைந்தது, எப்போது முதல் தள்ளாட்டம் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் உடனே தனியாகக் கட்டுங்கள். வாளி, துணி, பிரஷ் எதையும் மற்றவற்றோடு பகிராதீர்கள். டாக்டர் வந்ததும் மூக்குச் சளியையும் ரத்தத்தையும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், கால் தள்ளாடும்வரை காத்திருக்க வேண்டாம்.