பின்கட்டுச் சாய்ப்பு: சுவரோடு சேர்த்தா, தனியாகவா?

வணக்கம் நண்பரே. பினாங்கு ஜெலுத்தோங் வீட்டுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த மரச் சாய்ப்பு போட இரண்டு வரைபடம் வைத்திருக்கிறீர்கள்: ஒன்று சுவரில் பலகை அடித்துச் சாய்ப்பது, மற்றது நான்கு காலில் தனியே நிற்பது. நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

முதலாவதில் மரம் மிச்சம், சரி. ஆனால் சுவரும் பலகையும் சேரும் இடத்தில்தான் வம்பு. முன்பு நான் போட்ட சாய்ப்பில் அங்கே தகடு மடித்து மூடாமல் சிமெண்டை மட்டும் பூசினேன். இரண்டே வருடத்தில் விரலை அழுத்தினால் பலகைக்குள் போனது. அப்புறம் கரையான் வேறு.

இரண்டாவது வரைபடம், கூரைமேல் பனி சேரும் பாரத்தை வைத்துப் போட்ட அமெரிக்கக் கணக்கு. நமக்குப் பனி இல்லை. புயல்மழைக் காற்று கூரையைத் தூக்கும். அதனால் ஆணியோடு விடாமல், கைமரத்தை உத்தரத்தோடு இரும்புப் பட்டை வைத்துத் திருகுங்கள். காலை மண்ணில் புதைக்கவே வேண்டாம். சிமெண்டுக் கட்டைமேல் இரும்புத் தாங்கியில் நிறுத்துங்கள். காலுக்குச் செங்கால் (chengal) என்ற கெட்டி மரம் விலைதான், ஆனாலும் அதையே வாங்குங்கள். மேலே மருந்தேற்றிய மெராந்தி மரம் போதும். ஜிங்க் தகட்டுக் கூரைக்கு 8 அடிக்கு 1 அடி சரிவு விடுங்கள், தண்ணீர் பக்கத்து வீட்டில் விழாதபடி.

மரம் வாங்குமுன் மாநகர் மன்றத்தில் அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.