கடைசிக் கல்லை வேண்டுமென்றே வெளியே விட்டது ஏன்?

வணக்கம். பனித்தரையில் கற்களை வழுக்கிவிட்டு இலக்கு வட்டத்தின் மையத்தருகே நிறுத்தும் கர்லிங் ஆட்டத்தில், வட்டம் காலியாக இருந்தும் ஓர் அணி தன் கடைசிக் கல்லை வெளியே போகவிட்டது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அது பிழையன்று. ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு எட்டுக் கற்கள். வட்டத்துக்குள், மையத்துக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணி மட்டுமே, எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே இருக்கும் தன் கற்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி பெறும். புள்ளி பெற்ற அணி, அடுத்த சுற்றில் கடைசிக் கல்லை விடும் உரிமையை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒருவருக்கும் புள்ளி இல்லையெனில் அவ்வுரிமை, அந்தச் சுற்றில் அதை வைத்திருந்த அணியிடமே இருக்கும். ஆகவே ஒற்றைப் புள்ளியைத் துறந்து, அடுத்த சுற்றில் இரண்டு எடுக்கக் காத்திருந்தார்கள். (கடைசிச் சுற்றில், சமநிலையில், இப்படி யாரும் செய்யமாட்டார்கள்.) கலப்பு இரட்டையரிலோ, புள்ளியில்லாச் சுற்றுக்குப் பின் உரிமை கைமாறிவிடுவதால் இந்தத் தந்திரம் பலிக்காது.