பங்குனியில் என்ன நடலாம்? சேலம், ஏற்காடு வீட்டுத் தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மாசி பங்குனி பின்பனிக் காலம் என்றும் சித்திரை வைகாசி இளவேனில் என்றும் நம் முன்னோர் வகுத்திருந்தாலும், சேலம் நகரத்தில் பங்குனி பாதியிலேயே வெயில் ஏறிவிடுகிறது. ஆகவே இங்கே இளவேனிலுக்கான தோட்டத் திட்டம் என்பது, வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் செடிகளை வேர்பிடிக்க வைப்பதுதான். கன்னங்குறிச்சியில் மாடித்தோட்டமும் மலைமேல் சிறிய காப்பித் தோட்டமும் பராமரிக்கும் எனக்கு இரண்டு இடங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. அவற்றுக்கான பதில்கள் கீழே.

கேள்வி (அஸ்தம்பட்டி): ஐயா, வெளிநாட்டில் இருக்கும் என் மகள் மார்ச் மாதத்தில் தக்காளி, பட்டாணி, முட்டைக்கோஸ் எல்லாம் விதைக்கிறாள். நாங்களும் மாடியில் அவற்றையே விதைக்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அங்கே மார்ச் என்பது பனி உருகிக் குளிர் விடைபெறும் நேரம். இங்கே அதே மாதம் குளிர்காலப் பயிர்கள் கடை கட்டும் நேரம். பட்டாணியும் கோஸும் சேலத்து ஏப்ரலைத் தாங்கா. தக்காளிச் செடி உயிரோடு இருக்கும், பூவும் வைக்கும். ஆனால் பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாத நாட்களில் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் பிஞ்சாகாமலே உதிர்ந்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து அந்த நேரத்தில் உரத்தைக் கூட்டுவோர் பலர்; அதனால் இலை பெருகுமே தவிரக் காய் வராது.

உங்கள் மாடிக்கு ஏற்றவை வெண்டை, கொத்தவரை, கத்தரி, தட்டைப்பயறு ஆகியவையும் புடலை, பீர்க்கு, பாகல், சுரை போன்ற கொடிகளும்தான். இவற்றில் கொத்தவரைக்கே முதலிடம் தருவேன், ஏனென்றால் தண்ணீர் ஒரு வேளை தவறினாலும் அது முகம் சுளிக்காது. வெண்டை நேரடி விதைப்பில் சுமார் 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும். பங்குனித் தொடக்கத்தில் விதைத்தால் சித்திரையில் குழம்புக்கு உண்டு. கொடிகளை மாடியின் மேற்குப் பக்கத்தில் பந்தலிட்டு ஏற்றினால், பிற்பகல் வெயிலை அவையே வாங்கிக்கொண்டு மற்றத் தொட்டிகளுக்கு நிழல் தரும். பந்தலுக்கு இடமில்லையென்றால் 50 சதவீத நிழல்வலை போதும்; அதற்கு மேல் அடர்த்தியான வலையைக் கட்டினால் காய்ப்பு குறையும்.

கேள்வி (ஜாகீர் அம்மாபாளையம்): எங்கள் வீட்டில் எதை நட்டாலும் கொழுந்து இலை மஞ்சளாகிறது; நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. சாண எரு, மண்புழு உரம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். என்ன குறை?

பதில்: உங்கள் பகுதியைச் சொன்னதுமே பாதி விடை கிடைத்துவிட்டது. நீங்கள் வெள்ளைக்கல் பூமியின் ஓரத்தில் இருக்கிறீர்கள். மேக்னசைட் என்னும் வெள்ளைக் கனிமம் கிடக்கும் அந்த மண்ணும் அங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீரும் பொதுவாகக் காரத்தன்மை மிகுந்தவை. காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதைக் கரைத்து எடுக்க முடியாது. இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகர்ந்து போகாத சத்து. ஆகவே பற்றாக்குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும். முதிர்ந்த அடியிலைகள் மஞ்சளாகியிருந்தால் தழைச்சத்துக் குறையென்று சொல்லியிருப்பேன், உங்களுடையது அதுவல்ல.

உடனடி நிவாரணத்துக்கு, உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) என்று கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதியும் சில துளி எலுமிச்சைச் சாறும் கலந்து, மாலை வேளையில் இலையின் இருபுறமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் புதிதாக வரும் கொழுந்துகள் பச்சையாக வரும். ஏற்கெனவே வெளுத்த இலைகள் முழுமையாக மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தெளிக்கும்போது கையுறை அணியுங்கள். தரையில் சிந்தினால் துருக்கறை படியும், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்திலும் அதை வைக்கக் கூடாது.

நிலையான தீர்வு தொட்டி மண்ணை மாற்றுவதுதான். வீட்டு மண்ணை விட்டுவிட்டு, வெளியிலிருந்து வாங்கிய செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். முடிந்த நாட்களில் மேட்டூர்க் குடிநீரில் ஒரு பங்கைச் செடிக்கும் ஒதுக்குங்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் குழாய் நீரில் இருந்த உப்பு அதில் செறிந்திருப்பதால், இந்த மண்ணில் அது இருக்கும் சிக்கலை வளர்க்கும்.

கேள்வி (சூரமங்கலம்): குண்டுமல்லியை இப்போது கவாத்து செய்யலாமா?

பதில்: கூடாது. கவாத்துக்குக் கார்த்திகை மாதமே உரிய காலம். இப்போது வெட்டினால் இந்தப் பருவத்து மொட்டுகளைத்தான் வெட்டுவீர்கள். காய்ந்த குச்சிகளை மட்டும் நீக்கி, எருவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள்.

கேள்வி (ஏற்காடு, நாகலூர் அருகில்): எங்கள் வீட்டைச் சுற்றிச் சிறிது இடம் இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்குச் சொல்லும் அட்டவணை எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்கில், இரண்டு இடத்துக்கும் சுமார் 8 டிகிரி வேறுபாடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வேறொரு நாட்காட்டியைத் திறக்க வேண்டும். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டதும், அது இன்றுவரை நிலைத்திருப்பதும் இந்த வேறுபாட்டால்தான்.

சேலத்து வெயிலுக்கு ஒத்துவராத பீன்ஸ், கேரட், பீட்ரூட் மூன்றையும் நீங்கள் பங்குனியில் தாராளமாக விதைக்கலாம். ஆனால் முதல் கோடை மழைக்குக் காத்திருங்கள். தைக்குப் பிறகு காய்ந்து கிடக்கும் மலை மண்ணில் வாளி வாளியாக ஊற்றி விதையை முளைக்க வைப்பது வீண் உழைப்பு. காப்பியும் அந்த மழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஓரங்குல மழை பெய்து எட்டுப் பத்து நாட்களில் தோட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, இரண்டு மூன்று நாட்களில் வாடிவிடும். மலைவாசிகளுக்கு உண்மையான வசந்த அறிவிப்பு அதுவே என்பது என் எண்ணம். பூத்திருக்கும் நாட்களில் காப்பிச் செடிகளுக்கிடையே மருந்து எதுவும் தெளிக்காதீர்கள். தேனீக்கள் அங்கேதான் இருக்கும்.

வேலியோரத்தில் ஒரு சௌசௌ கொடி வையுங்கள். முளைவிட்ட காயை முழுதாகச் சாய்த்துப் புதைத்தாலே போதும். குரங்குத் தொல்லைக்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. பழமரங்களை வீட்டுக்குச் சற்றுத் தள்ளி வைப்பதும், மண்ணுக்குள் விளையும் கிழங்குகளை வீட்டருகில் வைப்பதும் இழப்பைக் குறைக்கும்.

கேள்வி (அம்மாபேட்டை): ஏற்காட்டிலிருந்து நீலப் பூவோடு வாங்கி வந்த ஹைட்ரேஞ்சியா அடுத்த முறை இளஞ்சிவப்பாகப் பூத்தது, பிறகு கருகிவிட்டது. ஏமாற்றி விற்றுவிட்டார்களா?

பதில்: விற்றவர் மேல் பிழையில்லை. அமிலத்தன்மையுள்ள மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் அந்தப் பூ நீலமாகிறது. உங்கள் தண்ணீரின் காரத்தன்மை அதைத் தடுத்ததும் நிறம் மாறிவிட்டது. கருகியதற்கு வெப்பமே காரணம். அடுத்த முறை மலைக்குப் போனால் பூச்செடியைக் கண்ணால் ரசித்துவிட்டு, பேரிக்காயை வாங்கி வாருங்கள்.

கேள்வி (கருப்பூர்): பீர்க்கு, புடலை இரண்டிலும் பிஞ்சுகள் விரலளவு வந்ததும் மஞ்சளாகி வெம்பி விழுகின்றன.

பதில்: பூச்சி இல்லையென்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்று பொருள். உயர்ந்த மாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு. நாமே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட வேண்டும். அடியில் குட்டிக் காய் தெரிவது பெண் பூ. பலர் செய்யும் தவறு நேரத்தில்தான் இருக்கிறது. பாகல், வெள்ளரி, பூசணி காலையில் மலர்கின்றன; பீர்க்கு, புடலை, சுரை ஆகியவையோ மாலைக்கு மேல்தான் மலர்கின்றன. காலையில் எழுந்து பீர்க்கம்பூவைத் தடவுவதில் பயனில்லை.

கேள்வி (கன்னங்குறிச்சி): சித்திரை முதல் நாளுக்குப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு எளிதாக என்ன செய்யலாம்? தோட்டத்தோடு தொடர்பு இருந்தால் நன்று.

பதில்: வேப்பம்பூவில் தொடங்குங்கள். பங்குனியில் மரத்தடியில் இரவே ஒரு பழைய வேட்டியை விரித்து வைத்தால் விடியலில் பூ உதிர்ந்து கிடக்கும். பிள்ளைகள் குச்சியையும் தூசியையும் பொறுக்கி நீக்கட்டும். நிழலில் உலர்த்தினால் ஆண்டு முழுவதற்கும் ரசத்துக்கு உதவும். புத்தாண்டு அன்று, முற்றாத கிளிமூக்கு மாங்காய் ஒன்றைத் தோலோடு துண்டாக்கி, ஒரு சிட்டிகை உப்பும் மஞ்சளும் சேர்த்துக் குழைய வேகவிட்டு, மாங்காய்க்குச் சற்றுக் குறைவான அளவு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றிக் கொதிக்க விடுங்கள். கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்து, நெய்யில் சிவக்க வறுத்த வேப்பம்பூவைப் பரிமாறும் நேரத்தில் தூவினால் மாங்காய்ப் பச்சடி தயார். பூவை முன்பே போட்டால் கசப்பு முழுதும் இறங்கிப் பிள்ளைகள் தொட மாட்டார்கள்.

மறுநாள் மாலைக்குத் தட்டுவடை செட் வைத்துக்கொள்ளலாம். சேலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது எது? தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொண்டு, கேரட், பீட்ரூட், வெங்காயத்தைத் துருவி வைத்துவிட்டால், இரண்டு தட்டுவடைகளுக்கிடையே அவற்றையும் சட்னியையும் வைத்து அடுக்கும் வேலையைப் பிள்ளைகளே செய்வார்கள். பச்சைச் சட்னிக்குக் கொத்தமல்லியை நம்ப வேண்டாம். இந்த வெயிலில் அது சீக்கிரம் பூத்துவிடும். கிழக்கு வெயில் மட்டும் படும் ஒரு தொட்டியில் புதினாத் தண்டுகளை இப்போதே ஊன்றி வையுங்கள்.

விடுமுறை தொடங்கிய பிறகு வடகம் போடலாம். நம் ஊர் ஜவ்வரிசி 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. ஒரு குவளை ஜவ்வரிசியை இரவே ஊறவைத்து, நான்கைந்து குவளைத் தண்ணீரில் கண்ணாடி போல் ஆகும்வரை கிளறி, அரைத்த பச்சை மிளகாய், சீரகம், உப்புச் சேருங்கள். ஆறிய பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். மாடியில் துணி விரித்துக் கரண்டியால் ஊற்றினால் இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்துவிடும். உப்பைச் சற்றுக் குறைவாகவே போடுங்கள், காய்ந்தபின் தூக்கலாகத் தெரியும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): மே மாதம் ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். தண்ணீர் ஊற்ற ஆளில்லை.

பதில்: தொட்டிகளைச் சுவரோர நிழலில் நெருக்கமாகச் சேர்த்து, மண்ணின் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த சருகோ கரும்புத் தோகையோ மூடாக்கு இடுங்கள். பெரிய தொட்டிகளில் மெருகிடாத சிறு மண் கலயத்தைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், அதன் சுவர் வழியே நீர் மெதுவாகக் கசிந்து வேருக்குப் போகும். கிளம்புவதற்கு முன்பே ஒரு முறை நிரப்பி, எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தாங்காத தொட்டிகளுக்கு அண்டை வீட்டாரிடம் ஒரே ஒரு முறை நிரப்பச் சொன்னால் போதும். கீரைத் தொட்டிகளை மட்டும் இப்படிக் காப்பாற்ற முடியாது. அவற்றை அறுத்துச் சமைத்துவிட்டுப் புறப்படுங்கள்.