பழைய தெர்மோகப்பிள் எங்கே?

கேள்வி: குன்னூரில் குடியிருக்கிறோம். எட்டு மாதம் முன்பு வாங்கிய கேஸ் வாட்டர் ஹீட்டரில் பைலட் சுடர் (பர்னரைப் பற்றவைக்க எரிந்துகொண்டே இருக்கும் சிறு சுடர்) நிற்கவில்லை. குமிழை அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணைந்துவிடும். கடைக்காரர் மூன்று வாரம் இழுத்தடித்தார், மரியாதையில்லாமல் பேசினார். பொங்கலன்று மாமியார் பச்சைத் தண்ணீரில் குளித்துக் காய்ச்சலில் படுத்துவிட்டார். கடைசியில் உள்ளூர் மெக்கானிக்தான் தெர்மோகப்பிளை (பைலட் சுடரின் சூட்டை உணரும் சிறு பாகம்) மாற்றிச் சரிசெய்தார். இப்போது கடைக்காரர் அந்தச் செலவைத் தந்து வாரண்டியை ஒரு வருடம் நீட்டிக்கிறேன் என்கிறார். நான் 5 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: கடைக்காரர் பேசிய பேச்சு, பொங்கல், காய்ச்சல் எல்லாம் மனவருத்தம்தான். மருத்துவச் சான்று இல்லாமல் அவற்றுக்கு நுகர்வோர் ஆணையம் பெரிதாக எதுவும் தராது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: கழற்றிய பழைய தெர்மோகப்பிள் எங்கே?

உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மெக்கானிக் எடுத்துப் போயிருந்தால் வழக்கின் முதுகெலும்பே போயிற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38-ன்படி, குறைபாட்டைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அனுப்ப உங்களிடம் என்ன இருக்கிறது? நல்ல தெர்மோகப்பிள் சுடரில் ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிவோல்ட் தரும்; அந்தச் சிறு மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. உங்களுடையது அதைத் தரவில்லையா, அல்லது முனையில் கரி படிந்திருந்ததா, வால்வில் சேரும் நட்டு தளர்ந்திருந்ததா? கரியும் தளர்ந்த நட்டும் பராமரிப்புக் குறை என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடும். பழைய பாகம் கையில் இல்லாமல் மறுக்க முடியாது. "வெளியாள் கை வைத்தார், வாரண்டி போயிற்று" என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள்.

இதைவிட எனக்குப் பயம் வேறு. தெர்மோகப்பிளை மாற்றினேன் என்று சொல்லிவிட்டு, சுடர் அணைந்தாலும் வால்வு மூடாதபடி கட்டிவைக்கும் மெக்கானிக்குகள் உண்டு. வெந்நீர் வரும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒருநாள் பைலட் அணையும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். மாற்றியமைத்த பொருளால் தீங்கு வந்தால் விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கு (பொருளால் வந்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்பது) நிற்காது என்று அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 87 சொல்கிறது. மாடியில் வாடகைக்கு யாராவது இருந்தால், நெருப்பு விஷயத்தில் அஜாக்கிரதை என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 287 உங்கள் பக்கமே திரும்பலாம். உயிர் போனால் பிரிவு 106, அதாவது அஜாக்கிரதையால் மரணம். கடைக்காரர்மீது வழக்குப் போட வந்தவர், தானே எதிர்த்தரப்பில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இன்றே கம்பெனி அங்கீகரித்த ஆளை வரவழையுங்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்து அவர் பைலட்டை அணைக்கட்டும்; ஓரிரு நிமிடத்துக்குள் வால்வு 'டக்' என்று மூட வேண்டும். மூடவில்லை என்றால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு ஹீட்டரைத் தொடாதீர்கள். சோதனை முடிவைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

வழக்கா? வேண்டாம். கடைக்காரர் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எழுத்தில் வாங்குங்கள், புது தெர்மோகப்பிளுக்கும் வாரண்டி பொருந்தும் என்ற வரியோடு. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அவர் எழுதி நீட்டினால், "இதுவரை வந்த பைலட் பழுதைப் பொறுத்து மட்டும்" என்று சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.